‘ஒரு மூடி’ என்றால் எத்தனை மில்லிகிராம்?

குழந்தைகள் வார்டில் ஒரு காலை நேரம். என்னோடு ரவுண்ட்ஸ் வந்திருந்த ஐந்தாம் ஆண்டு பார்ம்.டி. மாணவி ஒரு கேஸ் ஷீட்டை நீட்டினார். ஒன்றரை வயதுக் குழந்தை, எடை 10 கிலோ. விடாத வாந்தி, ரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் ஏறியிருக்கின்றன. காரணம் பாராசிட்டமால் அளவுக்கு மீறிப் போனது. மாணவி கணக்கைச் சரியாகப் போட்டிருந்தார். கீழே ஆங்கிலத்தில் ஒரு வரி எழுதியிருந்தார்: தாய் படிப்பறிவில்லாதவர், சொன்ன அளவைக் கடைப்பிடிக்கவில்லை.

“அவங்ககிட்ட கேட்டீங்களா?” என்றேன்.

“கேட்டேன் மேடம். ‘ஒரு மூடி குடுத்தேன்’னு மட்டும்தான் சொல்றாங்க.”

அந்தத் தாய் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்திருந்தார். நாங்கள் இருவரும் அவரருகே உட்கார்ந்து, வீட்டிலிருந்து கொண்டுவந்த மருந்துகளைக் காட்டச் சொன்னோம். மஞ்சப்பையிலிருந்து ஒரு பழைய சிரப் பாட்டிலும், காலியான இரண்டு சின்னச் சொட்டு மருந்துப் பாட்டில்களும் வந்தன. மூன்றிலும் ஒரே மருந்துப் பெயர். போன தடவை காய்ச்சல் வந்தபோது சிரப் கொடுத்திருக்கிறார்கள். அதன் மூடியில் 5 மில்லி கோடு இருந்தது. இந்தத் தடவை கடைக்காரர் சின்னப் பாட்டிலைக் கொடுத்து, “அதே மருந்துதான்” என்றிருக்கிறார். அதே மருந்து என்பதால் அதே மூடியில், அதே கோடு வரைக்கும் ஊற்றிக் கொடுத்திருக்கிறார் தாய்.

சிரப்பில் 5 மில்லிக்கு 125 மில்லிகிராம். சொட்டு மருந்திலோ ஒரே மில்லியில் 100 மில்லிகிராம். அதாவது நான்கு மடங்கு செறிவு. 10 கிலோ குழந்தைக்கு ஒரு வேளைக்கு 100 முதல் 150 மில்லிகிராம்தான் கொடுக்கலாம். இந்தக் குழந்தைக்கு ஒவ்வொரு வேளையும் 500 மில்லிகிராம் போயிருக்கிறது. ஒரு நாளைக்கு மூன்று வேளை, இரண்டு நாள், இரண்டு பாட்டில்.

அவர் பத்தாம் வகுப்பு வரை படித்தவர். லேபிளில் இருந்த மருந்தின் பெயரை எழுத்துக்கூட்டிப் படித்து, இரண்டும் ஒன்றுதான் என்று உறுதிசெய்துகொண்டே கொடுத்திருக்கிறார். நாங்கள் அவரைப் படிப்பறிவில்லாதவர் என்று எழுதிவைத்திருந்தோம்.

“கடையில ‘எவ்ளோ குடுக்கணும்’னு கேட்டிருக்கலாமேம்மா?” என்றார் மாணவி. மிரட்டலாக இல்லை, வருத்தத்தோடுதான் கேட்டார்.

“அங்க நின்னு கேக்க முடியாதுங்க மேடம். காச பெஞ்சு மேல வெக்கணும், மருந்தையும் பெஞ்சு மேலதான் வெப்பாங்க. ரெண்டாவது வார்த்த பேசுனா, ‘ஒனக்கு எதுக்கு அதெல்லாம், சொன்னத செய்’ம்பாங்க. எங்க தெரு ஆளுங்கள எல்லாம் அவங்களுக்குத் தெரியும்.”

குழந்தை பிழைத்துக்கொண்டது. உரிய மாற்று மருந்து உரிய நேரத்தில் ஏற்றப்பட்டதால் சில நாட்களில் வீடு திரும்பியது. ஆனால் அந்த பெஞ்சை என்னால் மறக்க முடியவில்லை. மருந்துப் பிழை என்று நாம் ஏட்டில் பதிவு செய்தது, உண்மையில் அந்த பெஞ்சின் மேல் தொடங்கிய ஒன்று.

பாடத்திட்டம் எதை அளக்கிறது?

நான் பார்ம்.டி. முடித்து, இப்போது மருந்தியல் நடைமுறைத் துறையில் முனைவர் பட்ட ஆய்வு செய்துகொண்டிருக்கிறேன். ஆய்வோடு சேர்த்து, இளைய மாணவர்களைக் குழந்தைகள் வார்டில் வழிநடத்தும் வேலையும் எனக்கு உண்டு. இந்தப் படிப்பைப் பற்றி வெளியே பலருக்குத் தெரியாது என்பதால் சுருக்கமாகச் சொல்கிறேன்.

பார்ம்.டி. 2008இல் இந்தியாவில் அறிமுகமானது. ஆறு ஆண்டுப் படிப்பு. மருந்தாளுநர் என்றால் கவுன்டருக்குப் பின்னால் நிற்பவர் என்ற நிலையை மாற்றி, அவரை நோயாளியின் படுக்கையருகே கொண்டுவருவதுதான் அதன் நோக்கம். ஆறாம் ஆண்டு முழுவதும் மருத்துவமனைப் பயிற்சி: ஆறு மாதம் பொது மருத்துவம், மீதி ஆறு மாதத்தில் வேறு மூன்று துறைகளில் தலா இரண்டு மாதம். அந்த மூன்றில் குழந்தைகள் நலமும் ஒன்றாக இருக்கலாம், இல்லாமலும் போகலாம். எப்படியும் இரண்டு மாதம்தான்.

குழந்தை என்பது சின்ன சைஸ் பெரியவர் அல்ல. பிறந்து ஒரு வாரமான சிசுவின் சிறுநீரகம் மருந்தை வெளியேற்றும் வேகம் வேறு, ஒரு வயதுக் குழந்தையின் வேகம் வேறு. ஒவ்வொரு மருந்தும் கிலோவுக்கு இத்தனை மில்லிகிராம் என்று கணக்கிடப்படுகிறது. ஒரு புள்ளி இடம் மாறினால் அளவு பத்து மடங்காகிவிடும். பெரியவர்களுக்கென்று செய்யப்பட்ட மாத்திரையை உடைத்து, பொடித்து, நீரில் கரைத்துப் பங்கு போட வேண்டியிருக்கும். வலிப்புக்குத் தரும் ஃபெனிட்டாயின் திரவ மருந்தைக் குலுக்காமல் ஊற்றினால், மேலே இருக்கும் தெளிவு முதலில் போகும், அடியில் தங்கிய மருந்து கடைசி வாரத்தில் போகும். முதலில் வலிப்பு நிற்காது, கடைசியில் குழந்தை நஞ்சேறித் தள்ளாடும். ஒரு லிட்டர் தண்ணீரில் கலக்க வேண்டிய ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டை ஒரு டம்ளரில் கரைத்துக் கொடுத்தால், வயிற்றுப்போக்கில் தவிக்கும் குழந்தைக்கு அது உப்பு நஞ்சு.

இத்தனையும் எங்கள் மாணவர்களுக்குத் தெரியும். கேட்டால் தூக்கத்திலும் சொல்வார்கள். அவர்களது பதிவேட்டில் எடைக்கு ஒரு கட்டம், அளவுக்கு ஒரு கட்டம், மருந்துகளுக்கிடையிலான எதிர்வினைக்கு ஒரு கட்டம் உண்டு. வீட்டில் எதை வைத்து அளந்தார்கள்? கடையில் யார் கொடுத்தார், என்ன சொல்லிக் கொடுத்தார்? கேள்வி கேட்க முடிந்ததா? இவற்றுக்குக் கட்டம் இல்லை. கட்டம் இல்லாத இடத்தில் மாணவர்கள் தமக்குத் தெரிந்த ஒரு சொல்லைப் போட்டு நிரப்பிவிடுகிறார்கள்: படிப்பறிவில்லாதவர், அக்கறையற்றவர், சொன்னதைக் கேட்காதவர். இந்தச் சொற்களை அவர்களே கண்டுபிடிக்கவில்லை. ஊர், குடும்பம், மருத்துவமனை எல்லாமாகச் சேர்ந்து கொடுத்த சொற்கள் இவை.

வார்டில் காதைத் தீட்டிக் கேட்டுப் பாருங்கள். ஒரு அலுவலரின் மனைவி குழந்தையோடு வந்தால், “வாங்க, உக்காருங்க.” கூலி வேலை செய்யும் பெண் வந்தால், அவர் நாற்பது வயதுக்காரராக இருந்தாலும், “ஏம்மா, இங்க வா, நில்லு.” இருபத்திரண்டு வயது மாணவர், பயிற்சிக்கு வந்த ஒரே வாரத்தில் இந்த இலக்கணத்தைக் கற்றுக்கொள்கிறார். அதை யாரும் வகுப்பெடுத்துச் சொல்லிக் கொடுப்பதில்லை. ‘நீ’ என்று அழைக்கப்படும் ஒருவர், தன்னை அப்படி அழைப்பவரிடம் சந்தேகம் கேட்பாரா? கேட்க மாட்டார். தலையாட்டிவிட்டுப் போய்விடுவார். நாம் ‘ஆலோசனை வழங்கப்பட்டது’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுவிடுவோம்.

கை மாறிய தெர்மாமீட்டர்

அண்ணல் அம்பேத்கர், ‘விசாவுக்காகக் காத்திருத்தல்’ என்ற குறிப்புகளில், கத்தியவாரைச் சேர்ந்த தீண்டப்படாத பள்ளி ஆசிரியர் ஒருவரின் கடிதத்தை எடுத்து வைக்கிறார். 1929 டிசம்பரில் ‘யங் இந்தியா’ இதழில் வெளியான கடிதம் அது. குழந்தை பெற்றிருந்த அவருடைய மனைவிக்கு உடம்பு முடியாமல் போகிறது. மருத்துவர் சேரிக்குள் வர மறுக்கிறார். பச்சை உடம்புக்காரியை வெளியே கொண்டுவந்த பிறகும் தொட்டுப் பார்க்கவில்லை. தெர்மாமீட்டரை ஒரு முஸ்லிமிடம் கொடுக்க, அவர் கணவரிடம் கொடுக்க, கணவர் மனைவிக்கு வைத்துப் பார்த்து அதே வழியில் திருப்பிக் கொடுக்கிறார். விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு நிமோனியா என்கிறார் மருத்துவர். மருந்து அனுப்புகிறார். அந்தப் பெண் இறந்துபோகிறார்.

இதை வாசிக்கும்போது தீண்டாமையின் கொடூரத்தைத்தான் நாம் முதலில் பார்க்கிறோம். மருந்தியல் மாணவியாக நான் இன்னொன்றையும் பார்க்கிறேன். அந்த மருத்துவரிடம் கருவி இருந்தது, படிப்பு இருந்தது, மருந்தும் இருந்தது. இத்தனையும் நோயாளியின் உடம்பை வந்தடைய வேண்டிய அந்த ஒரு முழ தூரத்தை சாதி பிடித்துக்கொண்டது.

அது அந்தக் காலம் என்று சொல்பவர்களுக்காக இன்னொன்று. இந்திய தலித் ஆய்வு நிறுவனமும் யூனிசெஃபும் 2010இல் ஓர் ஆய்வை வெளியிட்டன. சங்கமித்ரா ஆச்சார்யா குஜராத், ராஜஸ்தான் கிராமங்களில் 200 தலித் குழந்தைகளிடம் நேரடியாகக் கேட்டு எழுதியது. மருத்துவச் சேவையின் எந்தக் கட்டத்தில் பாகுபாடு அதிகம் என்று அதில் பார்த்தபோது, மருந்து கொடுக்கும் இடம்தான் முதலில் நின்றது. ஊசி போடுமிடத்தை விட, பரிசோதனை செய்யுமிடத்தை விட, மருந்தைக் கையில் கொடுக்கும் இடத்தில். அதாவது என் துறையில், என் வேலையின் மையத்தில்.

அந்த ஆய்வை எந்த பார்ம்.டி. வகுப்பிலும் யாரும் எனக்குப் பாடமாக நடத்தவில்லை. ஆய்வு மாணவியான பிறகு நானாகத் தேடி வாசித்ததுதான்.

பக்கத்து வீட்டு ஃபிரிட்ஜ்

இன்னொரு குழந்தை. எட்டு வயதுச் சிறுமி, முதல் வகை நீரிழிவு. வாழ்நாள் முழுக்க இன்சுலின் போட வேண்டும். டிஸ்சார்ஜ் நாளில் எங்கள் மாணவர் சிறுமியின் அப்பாவுக்கு எல்லாவற்றையும் அழகாக விளக்கினார். எந்த இடத்தில் போடுவது, எப்படி இடம் மாற்றுவது, சர்க்கரை தாழ்ந்தால் என்ன அறிகுறி. கடைசியாக, “ஃபிரிட்ஜ்ல வைங்க, ஃப்ரீசர்ல வெச்சிடாதீங்க” என்றார்.

“ஃபிரிட்ஜ் இல்லீங்களே.”

“பரவால்லண்ணா, பக்கத்து வீட்ல யார்கிட்டயாவது இருக்கும். அங்க வெச்சுக்குங்க.”

அவர் சிரித்தார். கேலிச் சிரிப்பு இல்லை, பதில் சொல்ல வேண்டாமென்று முடிவெடுத்த சிரிப்பு. பிறகு நான் தனியாகக் கேட்டபோது சொன்னார்: காலனியில் யார் வீட்டிலும் ஃபிரிட்ஜ் கிடையாது. அரசு மிக்ஸி கொடுத்தது, கிரைண்டர் கொடுத்தது, மின்விசிறி கொடுத்தது. ஃபிரிட்ஜ் கொடுக்கவில்லை. இருக்கும் ஃபிரிட்ஜ்கள் எல்லாம் ரோட்டுக்கு அந்தப் பக்கம், ஊருக்குள். அங்கே யார் வீட்டுப் பால் பாக்கெட்டுக்குப் பக்கத்தில் இவர் வீட்டு மருந்தை வைக்க விடுவார்கள்?

‘பக்கத்து வீடு’ என்ற சொல்லுக்கு அந்த மாணவரின் தெருவில் ஒரு பொருள், இவருடைய தெருவில் வேறு பொருள். தீர்வு ஒன்றும் பெரிதில்லை. பெரிய மண்பானையில் ஈர மணலோ தண்ணீரோ வைத்து, அதற்குள் சின்ன மண்பானை, அதற்குள் நீர் படாமல் இன்சுலின் குப்பி, மேலே ஈரத்துணி. வீட்டின் நிழலான மூலையில் இருந்தால் வெளிச்சூட்டை விட நன்றாகக் குளிர்ந்து நிற்கும். ஃபிரிட்ஜ் இல்லாத வீடுகளுக்கு நீரிழிவு மருத்துவர்கள் நெடுநாளாகச் சொல்லிவரும் வழி இது. எங்கள் மாணவருக்கு அது தெரியாததற்குக் காரணம், ஃபிரிட்ஜ் இல்லாத வீட்டைக் கற்பனை செய்யும்படி அவரை யாரும் பயிற்றுவிக்கவில்லை. அதே வார்டில் ஆன்டிபயாடிக் பொடி சிரப்பைக் கலக்கிக் கொடுத்து, “ஃபிரிட்ஜில் வைத்து ஏழு நாளில் முடித்துவிடுங்கள்” என்று எத்தனை தாய்மாரிடம் சொல்லி அனுப்பியிருப்போம்? அவர்களும் எத்தனை பேர் சிரித்துக்கொண்டே போயிருப்பார்கள்?

நான் வாய் திறக்காத இருபது நிமிடம்

இதுவரை மாணவர்களைச் சொன்னேன். இனி என்னைச் சொல்ல வேண்டும்.

நான் பட்டியல் சாதியில் பிறந்தவள். குடும்பத்தில் முதல் பட்டதாரி. பயிற்சி ஆண்டில் ஒரு மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் இருந்தேன். இரண்டாவது நாள் ரவுண்ட்ஸில், மூத்தவர் ஒருவர் எல்லோர் முன்னிலையிலும் என்னிடம் கேட்டார்: “நீ எந்த கோட்டா?” யாரும் சிரிக்கவில்லை. யாரும் அவரைத் தடுக்கவும் இல்லை. நான் பதில் சொன்னேன். பிறகு ரவுண்ட்ஸ் தொடர்ந்தது.

மறுநாள் இதய நோயுள்ள ஒரு குழந்தையின் மருந்துச் சீட்டைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எடை 6 கிலோ. டிகாக்ஸின் எழுதப்பட்டிருந்தது. நாளொன்றுக்கு 0.06 மில்லிகிராம் இருக்க வேண்டிய இடத்தில் 0.6 என்றிருந்தது. ஒரு சுழியம் விடுபட்டிருந்தது. பத்து மடங்கு. டிகாக்ஸினில் பத்து மடங்கு என்றால் குழந்தையின் இதயம் நின்றுபோகலாம்.

எனக்குத் தெரியும், அது பிழை. மூன்று முறை கணக்குப் போட்டேன். ஆனாலும் இருபது நிமிடம் வாய் திறக்கவில்லை. ‘கோட்டாவுல வந்த பொண்ணு நமக்குக் கணக்குச் சொல்லிக் கொடுக்குதா?’ என்ற, யாரும் சொல்லாத வாக்கியம் என் காதுக்குள் ஓடிக்கொண்டிருந்தது. என் கணக்கு தவறாக இருந்தால் அது என் தவறாக மட்டும் முடியாது, என் சாதியின் தவறாகிவிடும். கடைசியில் வார்டு சிஸ்டரிடம் போய், “சிஸ்டர், இத ஒரு தடவ பாருங்களேன்” என்றேன். அவர் பார்த்தார், நேராக டியூட்டி டாக்டரிடம் போனார், சீட்டு திருத்தப்பட்டது. முதல் வேளை மருந்து இன்னும் கொடுக்கப்படவில்லை. “பார்த்ததும் சொல்லணும்டா கண்ணு, யாரா இருந்தா என்ன” என்றார் சிஸ்டர். அவர் சொன்னது சரி. ஆனால் ‘யாராக இருந்தால் என்ன’ என்று அந்த வார்டு என்னிடம் சொல்லியிருக்கவில்லை.

மருந்துப் பாதுகாப்பு பற்றிய பாடங்களில் ஒரு விதி உண்டு. பிழையைக் கண்டவர் எந்தப் படிநிலையில் இருந்தாலும் உடனே குரல் கொடுக்க வேண்டும், மேலே இருப்பவர் அதைக் கேட்க வேண்டும். பயிற்சி மருந்தாளுநர் வார்டில் இருப்பதே அதற்குத்தான். பிறகு எப்படி ‘எந்த கோட்டா’ என்று கேட்டு அவரது வாயை அடைக்கிறீர்கள்? அந்தக் கேள்வி ஒரு மாணவியை அவமானப்படுத்தியதோடு நிற்கவில்லை. 6 கிலோ எடையுள்ள ஒரு குழந்தையை இருபது நிமிடம் ஆபத்தில் வைத்தது. அந்தக் குழந்தை எந்தச் சாதி என்று எனக்குத் தெரியாது. சாதியால் வாயடைக்கப்பட்ட வார்டில் எந்தச் சாதிக் குழந்தைக்கும் பாதுகாப்பில்லை. தகுதி, திறமை என்று இடஒதுக்கீட்டுக்கு எதிராக முழங்குபவர்கள் இந்த இருபது நிமிடத்தையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளட்டும்.

சான்றிதழ் சுவரில், பையன் கவுன்டரில்

அந்த பெஞ்சுக்குத் திரும்புகிறேன். மருந்துக் கடையில் பதிவுபெற்ற மருந்தாளுநர்தான் மருந்து கொடுக்க வேண்டும் என்பது 1948ஆம் ஆண்டு மருந்தகச் சட்டத்தின் 42ஆவது பிரிவு. நடைமுறை என்ன என்று நம் எல்லோருக்கும் தெரியும். பல கடைகளில் சான்றிதழ் சுவரில் சட்டமிட்டுத் தொங்கும், சான்றிதழுக்குரியவர் வேறெங்கோ இருப்பார். மாதாமாதம் ‘சர்டிபிகேட் வாடகை’ போகும். கவுன்டரில் நிற்பது குறைந்த கூலிக்கு வந்த ஒரு பையன். சொட்டு மருந்துக்கும் சிரப்புக்கும் உள்ள வேறுபாட்டை அந்தப் பையனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை.

சான்றிதழை வாடகைக்கு விடுபவர் யார் என்றும் பார்க்க வேண்டும். பார்ம்.டி. கல்லூரிகளில் பெரும்பாலானவை சுயநிதிக் கல்லூரிகள். ஆறு ஆண்டுக் கட்டணம், விடுதி, பேருந்து, பதிவேடு. கல்வி உதவித்தொகை வரும், தாமதமாக வரும், வருவதற்குள் தேர்வுக் கட்டண நாள் முடிந்திருக்கும். பயிற்சி ஆண்டில் முழுநேரம் வார்டில் உழைக்கும் பல மாணவர்களுக்கு ஒரு ரூபாய் ஊக்கத்தொகை கிடையாது. பக்கத்தில் நிற்கும் பயிற்சி மருத்துவருக்கு உண்டு, இவருக்கு இல்லை. என்னோடு படித்த ஒருவர் பகலில் வார்டு, இரவில் மெடிக்கல் ஷாப் என்று அந்த ஆண்டை ஓட்டினார். ரவுண்ட்ஸில் அவர் கண் சொருகினால், ‘இவங்களுக்கெல்லாம் ஆர்வம் இல்ல’ என்பார்கள். படித்து முடித்தால், அரசு மருத்துவமனைகளில் படுக்கையருகே வேலை செய்யும் மருந்தாளுநருக்கென்று தனிப் பணியிடம் பெரும்பாலும் இல்லை. கடன் இருக்கிறது, வேலை இல்லை, சான்றிதழ் மட்டும் இருக்கிறது. அதை வாடகைக்கு விடத் தோன்றுவதில் என்ன வியப்பு? நான் அதை நியாயப்படுத்தவில்லை. அந்த வாடகைக்கான விலையை யாரோ ஒருவரின் குழந்தை கொடுக்கிறது. ஆனால் குற்றத்தை அந்த இளைஞரோடு நிறுத்திக்கொண்டால், கல்லூரி முதலாளியும் அரசும் தப்பித்துவிடுவார்கள்.

2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்த்வாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் அடுத்தடுத்துச் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். 20க்கும் மேற்பட்ட குழந்தைகள், பெரும்பாலும் ஐந்து வயதுக்குட்பட்டவர்கள். அந்த ‘கோல்ட்ரிஃப்’ மருந்து தயாரானது நம் காஞ்சிபுரம் மாவட்டத்தில். தமிழ்நாட்டு மருந்துக் கட்டுப்பாட்டுத் துறையின் சோதனையில் அதில் 48.6 சதவீதம் டைஎதிலீன் கிளைகால் என்ற நஞ்சு இருந்தது தெரிந்தது. ஆலை முதலாளியையும் கண்காணிக்கத் தவறிய அதிகாரிகளையும் கேட்க வேண்டிய கேள்விகளை விட்டுவிட முடியாது. வார்டில் பயிற்சி தருபவளாக எனக்கு இன்னொரு கேள்வியும் இருக்கிறது. சளிக்கு மருந்து குடித்த குழந்தை திடீரென்று சிறுநீர் கழிக்கவில்லை என்றால், “என்ன மருந்து கொடுத்தீங்க, பாட்டில் இருக்கா?” என்று முதலில் கேட்க வேண்டியவர் யார்? பாட்டிலைக் கைப்பற்றி, பேட்ச் எண்ணைக் குறித்து, இந்திய மருந்துக் கண்காணிப்புத் திட்டத்துக்கு அறிக்கை அனுப்ப வேண்டியவர் யார்? 1800-180-3024 என்ற அந்தக் கட்டணமில்லா எண்ணை மக்களுக்குச் சொல்ல வேண்டியவர் யார்? அந்த வேலைக்குத்தான் மருந்தாளுநர்களை ஆறு ஆண்டு படிக்க வைக்கிறோம். தாய் அந்தப் பாட்டிலைப் பயப்படாமல் பையிலிருந்து எடுத்துக் காட்டினால்தான் அந்த வேலையே தொடங்கும். ‘திட்டுவார்கள்’ என்று நினைத்தால் அவர் எடுக்க மாட்டார்.

என்ன செய்யலாம்?

அரசிடமும் பார்மசி கவுன்சிலிடமும் நாம் கேட்க வேண்டியவை தெளிவானவை. ஒவ்வொரு பார்ம்.டி. மாணவருக்கும் குழந்தைகள் வார்டுப் பயிற்சி கட்டாயமாக வேண்டும். பயிற்சி ஆண்டுக்கு ஊக்கத்தொகை வேண்டும், அதைக் கல்லூரியின் நல்லெண்ணத்துக்கு விடாமல் விதியாக்க வேண்டும். அரசு குழந்தைகள் மருத்துவமனைகளில் வார்டு மருந்தாளுநர் பணியிடங்களை உருவாக்கி, இடஒதுக்கீட்டோடு நிரப்ப வேண்டும். சுயநிதிக் கல்லூரிகள் ஒவ்வோர் ஆண்டும் எந்தப் பிரிவிலிருந்து எத்தனை பேர் சேர்ந்தார்கள், எத்தனை பேர் ஆறாம் ஆண்டை முடித்தார்கள் என்று வெளியிட வேண்டும். வார்டில் நடக்கும் சாதிய அவமதிப்பைப் பயிற்சி மாணவர்கள் மதிப்பெண் பயமில்லாமல் முறையிட, கல்லூரிக்கும் மருத்துவமனைக்கும் வெளியே ஒரு குழு வேண்டும். மருத்துவச் சேவையில் தீண்டாமை என்பது பாடத்திட்டத்துக்குள் வர வேண்டும். விருப்பப் பாடமாக அல்ல, மருந்துப் பிழைக்கான காரணங்கள் என்ற அதே அத்தியாயத்தில்.

அவை நடக்கும்வரை காத்திருக்கத் தேவையில்லாத சில வேலைகளை என் குழு மாணவர்களோடு தொடங்கியிருக்கிறேன். எல்லாத் தாய்மாருக்கும் ‘நீங்க’தான். அவர்கள் உட்கார்ந்திருந்தால் நாமும் உட்கார்ந்துதான் பேச வேண்டும். “புரிஞ்சுதா?” என்று கேட்கக் கூடாது. அந்தக் கேள்விக்கு எல்லோரும் தலையாட்டுவார்கள். “நான் சரியா சொன்னேனான்னு பாக்கணும், வீட்டுக்குப் போய் எப்படிக் குடுப்பீங்கன்னு ஊத்திக் காட்டுங்க” என்று கேட்க வேண்டும். தேர்வு தாய்க்கு அல்ல, நமக்கு. அளக்கும் சிரிஞ்சில் பேனாவால் கோடு போட்டு அவர்கள் கையில் கொடுக்க வேண்டும், மேசையில் வைக்கக் கூடாது. ‘ஃபிரிட்ஜில் வையுங்கள்’ என்று சொல்வதற்கு முன் ஃபிரிட்ஜ் இருக்கிறதா என்று கேட்க வேண்டும். பதிவேட்டில் ஒரு கட்டத்தைக் கையாலேயே வரைந்து சேர்த்திருக்கிறோம்: ‘தாய் கேட்ட கேள்வி.’ அந்தக் கட்டம் காலியாக இருந்தால், ஆலோசனை வழங்கப்பட்டதாக எழுதக் கூடாது.

முதல் வாரங்களில் அந்தக் கட்டம் காலியாகவே இருந்தது. மாணவர்கள் சலித்துக்கொண்டார்கள். பிறகு மெல்ல மெல்ல நிரம்பத் தொடங்கியது. “பால்ல கலந்து குடுக்கலாமா?” “வாந்தி எடுத்தா திரும்பக் குடுக்கணுமா?” “இது ரெண்டும் ஒரே மருந்தா?” கடைசிக் கேள்வி ஒன்று போதும். அது அன்றைக்கு அந்த பெஞ்சருகே கேட்கப்பட்டு, அதற்கு மரியாதையாக ஒரு பதிலும் கிடைத்திருந்தால், அந்தக் குழந்தை வார்டுக்கே வந்திருக்காது.

ஐந்தாம் ஆண்டு மாணவி அன்றே தன் வரியை அடித்துவிட்டு வேறு எழுதினார். தாய் லேபிளைப் படித்தார், இரண்டு பாட்டிலிலும் ஒரே பெயர் இருந்தது, செறிவு வேறு என்பதைக் கடையில் யாரும் சொல்லவில்லை, கேட்கவும் விடவில்லை. கேஸ் பிரசன்டேஷனில் அதைப் படித்தபோது, “இதெல்லாம் கிளினிக்கலா?” என்று ஒருவர் கேட்டார். “ஆமா சார், இதனாலதான் குழந்தைக்கு ஓவர்டோஸ் ஆச்சு” என்றார் மாணவி. குரல் கொஞ்சம் நடுங்கியது, ஆனால் நிறுத்தவில்லை.

வருகிற திங்கட்கிழமை புதிய குழு வார்டுக்கு வருகிறது. முதல் நாள் நான் அவர்களுக்குப் பாடப் புத்தகத்தைத் திறக்கப் போவதில்லை. சிரப் பாட்டில் ஒன்று, சொட்டு மருந்துப் பாட்டில் ஒன்று, கோடு போட்ட ஒரு மூடி. மூன்றையும் மேசையில் வைத்து, ‘ஒரு மூடி என்றால் எத்தனை மில்லிகிராம்?’ என்று கேட்கப் போகிறேன். கணக்கை எல்லோரும் உடனே போட்டுவிடுவார்கள். அதன் பிறகு அந்த பெஞ்சைப் பற்றிப் பேசத் தொடங்குவோம்.